ஆன்டிலோப் ஊரையும் சேர்த்துச் சொல்லுங்கள்

ஓஷோவின் நூல்களைத் தமிழில் வாசிக்கும் நண்பர்களுக்கு,

ஓரிகன் கதையை நீங்கள் சொல்லும் விதம் பற்றி உங்களிடம் நேரில் பேசுவதுபோல் பேச வேண்டும் என்று வெகுநாளாக எண்ணியிருந்தேன். தியான முகாமின் இரவுப் பேச்சானாலும், புத்தக முன்னுரையானாலும், யூடியூப் உரையானாலும் அந்தக் கதை ஒரே மாதிரிதான் வருகிறது. அமெரிக்காவில் யாரும் இல்லாத ஒரு வறண்ட நிலம். ஓஷோவின் சன்னியாசிகள் அதை வாங்கினார்கள், அணை கட்டினார்கள், மரம் நட்டார்கள், பொட்டல் காட்டை நகரமாக்கினார்கள். பொறுக்காத அரசாங்கம் ஒரு ஞானியைக் கைவிலங்கு போட்டு விரட்டியது. இந்தக் கதையில் உண்மை நிறையவே இருக்கிறது. அந்த மனிதர்களின் உழைப்பு உண்மை. எதிர்ப்பில் கலந்திருந்த மதத் துவேஷமும் உண்மை. ஆனால் "யாரும் இல்லாத" என்று தொடங்குகிறீர்களே, அது உண்மை இல்லை. அங்கே ஓர் ஊர் இருந்தது. அதன் பெயர் ஆன்டிலோப்.

சிறிய ஊர். எழுபதுகளின் கடைசியில் நாற்பது பேருக்குப் பக்கத்தில்தான் இருந்தார்கள், பெரும்பாலும் ஓய்வு பெற்ற முதியவர்கள், கால்நடை வளர்ப்போர். ஒரு தபால் நிலையம், ஒரு பள்ளி, ஒரு தேவாலயம், ஒரு கடையும் காப்பிக் கிளப்பும். நீங்கள் ரஜனீஷ்புரம் என்று சொல்லும் பண்ணையிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர். அந்தப் பண்ணையில் இருந்தவர்களுக்கு மிக அருகில் இருந்த ஊர் இதுதான். உங்கள் கதையில் இது வருவதே இல்லை. எப்போதாவது வந்தாலும், "பழமையில் ஊறிய கிழவர்கள் எதிர்த்தார்கள்" என்று அரை வாக்கியத்தில் தாண்டிப் போய்விடுகிறீர்கள்.

அந்தக் கிழவர்களின் ஊர் எப்படி உண்டானது என்று கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

1862-ல் கிழக்கு ஓரிகனில் கேன்யன் சிட்டி பக்கம் தங்கம் அகப்பட்டது. கொலம்பியா ஆற்றங்கரையில் இருக்கும் டால்ஸ் நகரிலிருந்து அந்தச் சுரங்கப் பகுதிக்கு ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். டெஷூட்ஸ் ஆற்றைக் கடந்து, செங்குத்தான மேடு ஏறி, மரமற்ற புல்வெளியில் நாள்கணக்கில் போக வேண்டிய வழி. முதலில் கழுதைகளிலும் குதிரைகளிலும் மூட்டை கட்டிப் போனார்கள். அப்படிச் சுமை கொண்டுபோன ஜோசப் ஷெரார் என்பவரின் குழுதான், அங்கே மேய்ந்துகொண்டிருந்த மான்களைப் பார்த்து இந்தப் பள்ளத்தாக்குக்கு ஆன்டிலோப் என்று பெயர் வைத்தது என்பார்கள். 1864-ல் ஹென்றி வீலர் என்பவர் அதே வழியில் ஸ்டேஜ் கோச் விட்டார். குதிரைகள் பூட்டிய பயணி வண்டி. ஆளும் போகும், தபாலும் போகும், திரும்பும்போது தங்கமும் வரும். குதிரைகள் தொடர்ந்து ஓடாது. சில மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நிறுத்தி, களைத்த குதிரைகளை அவிழ்த்து, வேறு குதிரைகளைப் பூட்ட வேண்டும். அதற்குத் தண்ணீரும் புல்லும் இருக்கும் இடங்களாகப் பார்த்து நிலையங்கள் போட்டார்கள். ஓடையும் புல்லும் இருந்த ஆன்டிலோப் அப்படி ஒரு நிலையம். ஹோவர்ட் மாப்பின் என்பவர் 1863-ல் அங்கே வந்து குதிரைகளைப் பராமரித்தார், வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்டார். 1871-ல் தபால் நிலையம் வந்தது. ஊர் அப்படித்தான் தொடங்கியது. யாரும் திட்டம் போட்டுக் கட்டவில்லை. வண்டி நிற்க வேண்டியிருந்தது, நின்ற இடத்தில் சிலர் தங்கிவிட்டார்கள்.

பிறகு ஆடு மேய்ப்பவர்கள் வந்தார்கள். கொல்லன் பட்டறை, விடுதிகள், மதுக்கடைகள், 'ஆன்டிலோப் ஹெரால்ட்' என்று ஊருக்கென்று ஒரு செய்தித்தாள் எல்லாம் இருந்தன. 1898-ல் தீப்பிடித்துக் கடைவீதியின் பெரும்பகுதி போயிற்று. இரண்டு வருடம் கழித்து ரயில் வந்தது, ஆனால் ஆன்டிலோப்புக்கு வரவில்லை. வடக்கே ஷானிகோவில் நின்றுவிட்டது. கம்பளி மூட்டைகளும் வியாபாரமும் அங்கே போயின. ஆனாலும் ஊர் தன்னைக் கைவிடவில்லை. 1901-ல் சட்டப்படி நகரமாகப் பதிவு செய்துகொண்டது. இந்தப் பதிவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எல்லாம் இதைச் சுற்றித்தான் நடந்தது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: 1936-ல் நாவலுக்கான புலிட்சர் பரிசு பெற்ற எச். எல். டேவிஸ் சிறுவனாக இந்த ஊரில் வளர்ந்தவர். அவருடைய தகப்பனார் இங்கே பள்ளி ஆசிரியர். இலக்கியம் வாசிக்கும் நீங்கள் "ஒன்றுமில்லாத ஊர்" என்று சொல்லும்போது எனக்கு வருத்தம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி 1981. ஜூலையில் சன்னியாசிகள் 'பிக் மடி' பண்ணையை 57.5 லட்சம் டாலருக்கு வாங்கினார்கள். 64,229 ஏக்கர். ஆகஸ்ட் இறுதியில் ஓஷோ, அப்போதைய பெயரில் பகவான் ரஜனீஷ், அங்கே வந்து சேர்ந்தார். அந்த நிலம் சட்டப்படி விவசாய நிலம். 1973-லேயே ஓரிகன் மாநிலம் நிலப் பயன்பாட்டுச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. விளைநிலத்தில் அச்சகமும் அலுவலகமும் கடைத்தெருவும் எழுப்ப அது இடம் கொடுக்காது. அந்தச் சட்டத்தைக் காத்துவந்த 'ஓரிகனின் 1000 நண்பர்கள்' அமைப்பு, இப்படிப்பட்ட வேலைகளை ஏற்கெனவே இருக்கும் நகர எல்லைக்குள் வைத்துக்கொள்ளுங்கள் என்றது. பக்கத்தில் இருந்த ஒரே நகர எல்லை ஆன்டிலோப். எங்கோ எழுதிய சட்டமும், எங்கிருந்தோ வந்த கனவும் சேர்ந்து நாற்பது பேரின் வாசலில் வந்து நின்றன. சன்னியாசிகள் அங்கே வீடுகளையும் மனைகளையும் வாங்க ஆரம்பித்தார்கள். விலை நல்ல விலைதான். விற்றவர்கள் விருப்பப்பட்டுத்தான் விற்றார்கள். அதில் குற்றம் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

அடுத்து நடந்ததை மட்டும் நிதானமாகக் கேளுங்கள். நகர மன்றமும் கைமாறிவிடும் என்று பயந்த ஊரார், நகரம் என்ற பதிவையே கலைத்துவிட முடிவு செய்தார்கள். பதிவு கலைந்தால் மன்றம் இருக்காது, கைப்பற்றவும் எதுவும் இருக்காது. தங்கள் ஊரின் அந்தஸ்தைத் தாங்களே அழித்தாவது வாசற்படியைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள். 1982 ஏப்ரல் 15 அன்று வாக்கெடுப்பு. அதற்குள் புதிதாகக் குடிவந்தவர்கள் வாக்காளர்களாகப் பதிந்துவிட்டார்கள். கலைக்கக் கூடாது என்று 55 பேர், கலைக்க வேண்டும் என்று 42 பேர். அந்த நவம்பர் தேர்தலில் மன்றமும் சன்னியாசிகள் கைக்குப் போனது.

உங்கள் தாத்தா பாட்டியின் கிராமத்தை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நாற்பது வாக்கு உள்ள ஊருக்கு ஒரே வருடத்தில் அறுபது பேர் வந்து இறங்கி, ஊராட்சியைப் பிடித்து, ஊர்ப் பெயரையும் மாற்றினால், "சட்டப்படிதானே நடந்தது" என்ற பதில் உங்களுக்குப் போதுமானதாக இருக்குமா? ஆன்டிலோப்பில் அதுதான் நடந்தது. தெருக்களுக்குப் புதுப் பெயர்கள் வைத்தார்கள். வரி ஏறியது. ஊர்க் காவலை ரஜனீஷ்புரத்தின் 'அமைதிப் படை'யிடம் கொடுத்தார்கள். இரவில் அதன் வண்டிகள் தங்கள் வீடுகள்மேல் விளக்கை அடித்துக்கொண்டு சுற்றியதாக ஊரார் சொன்னார்கள். காப்பிக் கிளப் 'சோர்பா த புத்தா' உணவகமாயிற்று. பள்ளி நிர்வாகமும் போனதும் பழைய குடும்பங்கள் பிள்ளைகளை வெகுதூரத்தில் உள்ள வேறு ஊர்ப் பள்ளிக்கு அனுப்பின. 1984 செப்டம்பரில் ஊரின் பெயரே 'ரஜனீஷ்' ஆயிற்று. நூற்றிருபது வருடமாக வண்டிக்காரர்களும் ஆடு மேய்ப்பவர்களும் கூப்பிட்ட பெயர் ஒரு வாக்கெடுப்பில் போயிற்று. வயதான காலத்தில் ஓய்வாக இருக்கலாம் என்று அங்கே வந்தவர்கள், தபால் எடுக்கப் போகும் வழியில்கூட அந்நியராக உணர்ந்தார்கள். பலர் விற்றுவிட்டுப் போனார்கள். சிலர் போகவில்லை.

இந்த இடத்தில் நீங்கள் சொல்லக்கூடிய பதில் எனக்குத் தெரியும். அது பகவானின் செயலாளராக இருந்த ஷீலாவின் வேலை, பகவான் அப்போது மௌனத்தில் இருந்தார், அவருக்கு எதுவும் தெரியாது. டால்ஸ் நகரில் பத்து உணவகங்களின் சாலட் மேசைகளில் சால்மோனெல்லா கிருமியைக் கலந்து 751 பேரை நோயில் தள்ளியதற்கு இந்தப் பதிலை நீங்கள் சொல்லலாம். ஒட்டுக்கேட்கும் கருவிகளுக்கும் கொலை முயற்சிக்கும்கூடச் சொல்லலாம். அவை திரைமறைவில் நடந்தவை. 1985 செப்டம்பரில் ஷீலா வெளியேறியபின் அவற்றை வெளியே சொன்னதே பகவான்தான். அவருக்கு எவ்வளவு தெரியும் என்ற விவாதத்துக்குள் நான் இந்த மடலில் போகவில்லை.

ஆனால் ஆன்டிலோப் திரைமறைவில் நடந்தது அல்ல. அங்கே நடந்தது வாக்கெடுப்பு, மன்றக் கூட்டம், தீர்மானம், பெயர்ப்பலகை. பட்டப்பகலில், தொலைக்காட்சிக் காமிராக்கள் முன்னால் நடந்தது. பண்ணையில் இருந்த ஆயிரக்கணக்கானவர்களில் செய்தித்தாள் படித்த எவருக்கும் தெரிந்திருக்கும். ஊருக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதனால் 'தெரியாது' என்ற பதில் இந்த ஊரை எட்டாது. ஷீலா ஒருவரின் தலையில் இதையும் ஏற்றிவிட்டு நகர்வது, கையைத் தூக்கி வாக்களித்த அத்தனை பேரையும் உங்கள் கதையிலிருந்து எளிதாக வெளியே அனுப்பிவிடுகிறது. அவர்களில் பெரும்பாலானோர் நல்லவர்கள் என்று நம்புகிறேன். தியானத்தைத் தேடி, நல்ல வேலையை விட்டு, கடல் தாண்டி வந்தவர்கள். அதனால்தான் இது எனக்கு இன்னும் கனமாக இருக்கிறது. நல்லவர்கள், அன்பைப் பற்றி நாளெல்லாம் பேசியவர்கள், பக்கத்து ஊர்க் கிழவியின் பயத்தைப் பார்க்கத் தவறியது எப்படி என்ற கேள்வியை நீங்கள் கேட்காவிட்டால் வேறு யார் கேட்பார்கள்? உங்கள் ஆசானை நீங்கள் தேர்ந்தெடுத்ததே அவர் எதையும் கேள்வி கேட்கச் சொன்னார் என்பதால்தானே.

இரண்டாவது பதிலும் வரும்: அந்த ஊரார் மட்டும் யோக்கியர்களா? இது நியாயமான கேள்வி, இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். சுற்றுவட்டாரத்தில் வெறுப்பு இருந்தது. சிவப்பு உடைக்காரர்களான சன்னியாசிகள் செத்தால் நல்லது என்று பொருள்படும் வாசகங்களை வண்டிகளில் ஒட்டிக்கொண்டு திரிந்தார்கள். இதை நீங்கள் சொல்லத்தான் வேண்டும்.

அதைவிட ஆழமான ஒன்று உண்டு. அந்த நிலத்தில் 'யாரும் இல்லை' என்று முதலில் சொன்னவர்கள் சன்னியாசிகள் அல்லர். ஸ்டேஜ் கோச் வந்தபோதே அது சொல்லப்பட்டது. 1855 உடன்படிக்கையில் மத்திய ஓரிகனின் பழங்குடிகளிடமிருந்து சுமார் ஒரு கோடி ஏக்கர் வாங்கப்பட்டது. வடக்குப் பையூட் மக்கள் அதில் கையெழுத்துப் போடவில்லை. தங்கள் புல்லையும் வேர்க்கிழங்கையும் நீரையும் வண்டிப் பாதை தின்றுகொண்டு போனதை அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. பொலைனா என்ற தலைவர் வண்டிகளையும் நிலையங்களையும் தாக்கினார், குதிரைகளை ஓட்டிக்கொண்டு போனார். 1866-ல் ஹென்றி வீலரே தாக்கப்பட்டு, முகத்தில் குண்டு துளைத்து, வண்டிக் குதிரை ஒன்றின் முதுகில் ஏறித் தப்பினார். 1867-ல் பொலைனாவைச் சுட்டுக் கொன்றவர் என்று சொல்லப்படுபவர் அதே மாப்பின், ஆன்டிலோப் நிலையத்தில் வழிப்போக்கர்களுக்குச் சோறு போட்ட மனிதர். இன்று மாப்பின் பெயரில் ஓர் ஊர் இருக்கிறது. பொலைனா பெயரில் ஏரியும் மலைச்சிகரமும் இருக்கின்றன. பையூட் மக்களிடம் அந்தப் பள்ளத்தாக்கு திரும்பிப் போகவில்லை.

இதை ஆன்டிலோப் ஊராரைக் குறைத்துப் பேசுவதற்காகச் சொல்லவில்லை. நூறு வருடம் முன்பு நடந்ததற்காக 1982-ல் ஓய்வூதியத்தில் வாழ்ந்த ஒருவர் வீட்டை இழக்க வேண்டியதில்லை. ஒரே மண்ணில் இரண்டு முறை, புதிதாக வந்தவர்கள் இருப்பவர்களைப் பார்க்காமல் கதை எழுதினார்கள். இப்போது தமிழில் நீங்கள் அதே கதையை மூன்றாவது தடவை எழுதுகிறீர்கள். அங்கே ஒரு முறைகூடப் போகாமல், அங்கே யார் இருந்தார்கள் என்று விசாரிக்காமல், 'வெற்று நிலம்' என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறீர்கள். உங்கள்மேல் எனக்கு இருக்கும் மனக்குறை இதுதான்.

முடிவு உங்களுக்குத் தெரிந்ததுதான். வெளியூர்களிலிருந்து வீடற்றவர்களை ஆயிரக்கணக்கில் பேருந்துகளில் கொண்டுவந்து மாவட்டத் தேர்தலையே வெல்லப் பார்த்த 1984-க்குப் பிறகு எல்லாம் குலைந்தது. 1985 நவம்பர் 6 அன்று ஆன்டிலோப்பில் மீண்டும் ஒரு வாக்கெடுப்பு நடந்தது. பழைய பெயரே வேண்டும் என்று 34 வாக்குகள். எதிராக ஒன்றுகூட இல்லை. அப்போது ஊரில் மிச்சமிருந்த புதியவர்களும் சேர்ந்துதான் அப்படி வாக்களித்தார்கள். இந்த எண்ணிக்கையை நீங்கள் உங்கள் கூட்டங்களில் சொல்ல வேண்டும் என்று குறிப்பாக விரும்புகிறேன். சில நாளில் பகவான் குடியேற்றச் சட்டத்தின் கீழான இரண்டு குற்றச்சாட்டுகளில் நீதிமன்றத்தின் தண்டனையை ஏற்று, அபராதம் கட்டி அமெரிக்காவை விட்டுப் போனார். பண்ணை கைமாறி இன்று கிறிஸ்தவ இளைஞர் முகாமாக இருக்கிறது. ஊரும் இருக்கிறது. 2010 கணக்கெடுப்பில் 46 பேர். தபால் நிலையமும் இருக்கிறது, ஓரிகனின் அஞ்சல் குறியீட்டு வரிசையின் முதல் எண்ணான 97001 அதனுடையது. அதன் கொடிக்கம்பத்தடியில், அந்த வருடங்களில் ஊரை விட்டுப் போகாதவர்களுக்காக ஒரு வெண்கலப் பலகை பதித்திருக்கிறார்கள்.

2018-ல் 'வைல்ட் வைல்ட் கன்ட்ரி' ஆவணத் தொடர் வந்தபின் நம்மவர்களுக்கு ஓரிகன்மேல் ஆர்வம் பெருகியிருக்கிறது. முகாம்களில் அதைத் திரையிடுகிறீர்கள், கைதட்டுகிறீர்கள், ஷீலாவின் துணிச்சலான பதில்களுக்குச் சிரிக்கிறீர்கள். போர்ட்லாந்து பக்கம் வேலை பார்க்கும் நம் இளைஞர்கள் வார விடுமுறையில் காரை எடுத்துக்கொண்டு 'ஓஷோ ஊரை' பார்க்கப் போகிறார்கள். போங்கள், தடையில்லை. போகும்போது ஆன்டிலோப்பில் யார் வீட்டு வாசலிலும் நின்று படம் பிடிக்காதீர்கள், ஓஷோ எங்கே இருந்தார் என்று அங்கே உள்ள முதியவர்களைப் பிடித்துக் கேட்காதீர்கள். நாற்பது வருடமாக அவர்கள் பதில் சொல்லிக் களைத்த கேள்வி அது. வண்டி நிலையம் எங்கே இருந்தது என்று கேளுங்கள், அந்தப் பழைய பாதை எந்த மேட்டில் ஏறியது என்று கேளுங்கள். அவர்கள் ஊரைப் பற்றி அவர்களிடம் பேசுங்கள்.

பதிப்பாளர்களாக, மொழிபெயர்ப்பாளர்களாக இருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஓரிகன் காலத்தைப் பற்றி எழுதும் முன்னுரையில் ஆன்டிலோப்புக்கு ஒரு பக்கம் கொடுங்கள். 55-க்கு 42 என்ற வாக்கையும், 34-க்கு பூஜ்யம் என்ற வாக்கையும் இரண்டும் இருக்கும்படி எழுதுங்கள். பையூட் மக்களின் பெயரும் அந்தப் பக்கத்தில் வரட்டும். அடுத்த பதிப்பிலேயே இதைச் செய்ய முடியும், ஆசானின் சொற்களில் ஒரு எழுத்தையும் இதற்காக நீங்கள் மாற்ற வேண்டியதில்லை.

முகாம் நடத்துபவர்களிடம் கேட்பது இன்னும் சிறியது. அடுத்த முறை அந்தத் தொடரைத் திரையிட்டு முடித்ததும் விளக்கைப் போட்டுக் கலைந்துவிடாமல், கால் மணி நேரம் ஒதுக்குங்கள். அந்த ஊரார் பேசும் பகுதிகளை மட்டும் மறுபடி போட்டுக் காட்டுங்கள். இந்த மடலையும் வாசியுங்கள். பிறகு கூடியிருப்பவர்களிடம், அந்த ஏப்ரல் 15-ல் நீங்கள் அங்கே சன்னியாசியாக இருந்திருந்தால் எந்தப் பக்கம் வாக்களித்திருப்பீர்கள் என்று கேளுங்கள். ஒவ்வொருவரும் சொல்லட்டும். அவர்கள் சொன்னதை எனக்கு எழுதி அனுப்புங்கள், நான் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் சக வாசகர்